காணாமற்போன கோப்பு: ‘ஜின்னா’ திரைப்படமும் வரலாற்றின் வழக்காடுமன்றமும்

1948 செப்டம்பர் 11 பிற்பகலில் குவெட்டாவிலிருந்து புறப்பட்ட ஒரு விமானம் கராச்சியை அடுத்த மௌரிப்பூர் விமானத்தளத்தில் இறங்கியது. நோயால் எலும்பும் தோலுமாய் இளைத்துப்போயிருந்த 71 வயது மனிதர் ஒருவரை அதிலிருந்து தூக்குப்படுக்கையில் இறக்கினார்கள். பாகிஸ்தான் பிறந்து 13 மாதங்களே ஆகியிருந்தன. அதன் முதல் தலைமை ஆளுநர் முகம்மது அலி ஜின்னா அவர். நகருக்கு அழைத்துச்செல்ல வந்த ஆம்புலன்ஸ் சில மைல்கள் ஓடியதும் பழுதாகி நின்றது. மாற்று வண்டி வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்தது. முகத்தில் மொய்த்த ஈக்களை விசிறி ஓட்டியபடி தங்கை பாத்திமா அருகில் அமர்ந்திருந்தார். சாலையோரத்தில், இந்தியாவிலிருந்து வந்து குவிந்த அகதிகளின் குடிசைகள் இருந்தன. தங்களுக்கென ஒரு நாட்டை வாங்கித்தந்தவர் கூப்பிடு தொலைவில் கிடக்கிறார் என்பதை அறியாமல் அவர்கள் தத்தம் வேலைகளில் மூழ்கியிருந்தனர். அன்றிரவே ஜின்னா இறந்தார்.

ஜமீல் தெஹ்லவி இயக்கி 1998இல் வெளிவந்த ‘ஜின்னா’ திரைப்படம் இந்த இறுதி நேரத்திலிருந்துதான் தன் கதையை எடுக்கிறது. சாவுக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் கிழவர் ஜின்னா நிற்கிறார். பழைய நூலகம்போல் அடுக்குகள் நிறைந்த அந்த இடத்தில், அண்மையில் கணினிகள் புகுத்தப்பட்ட குளறுபடியில் அவருடைய கோப்பு காணாமற்போயிருக்கிறது. கோப்பு இல்லாமல் தீர்ப்பு எழுத முடியாது. ஆகவே ஒரு வழிகாட்டி அவரை அழைத்துக்கொண்டு அவருடைய கடந்தகாலத்துக்குள் திரும்பிச்செல்கிறார்; விடுபட்ட கோப்பை இருவரும் சேர்ந்து மீட்டெழுத வேண்டும். வழிகாட்டியாக சசி கபூரும் முதிய ஜின்னாவாக கிறிஸ்டோபர் லீயும் நடித்தனர்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்த உத்தியில் ஒரு பெரிய வரலாற்று உண்மை ஒளிந்திருக்கிறது. ஜின்னாவின் கோப்பு மெய்யாகவே பலமுறை தொலைக்கப்பட்ட கோப்பு. அதைத் தொலைத்தவர்களில் அவரை வெறுத்தவர்களும் இருந்தார்கள்; அவரைத் தொழுதவர்களும் இருந்தார்கள். படம் இந்த உண்மையைத் தொட்டுவிட்டு, அதன் எல்லைவரை செல்லாமல் ஒரு வழக்கு மன்றத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த விலகலில்தான் அரசியல் தலைவர்களின் வாழ்க்கையைப் படமாக்கும் முயற்சிகளின் அடிப்படைச் சிக்கல் வெளிப்படுகிறது.

1. ஒரு படத்துக்கு மறுபடம்

‘ஜின்னா’வைப் புரிந்துகொள்ள 1982இல் வெளியான ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’யை நினைவுகூர வேண்டும். இந்திய அரசு நிறுவனமான தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் முதலீட்டையும் பெற்று உருவான அப்படம் 8 ஆஸ்கர் விருதுகளை வென்றது. இந்தியத் துணைக்கண்டத்தின் விடுதலை வரலாற்றை உலகின் பெரும்பகுதி அதன் வழியாகவே கற்றது. அதில் அலிக் பதம்சீ நடித்த ஜின்னா, மடிப்புக் கலையாத உடையும் இறுகிய முகமும் கொண்டவர். காந்தியின் ஒளி கூடுவதற்காக வரையப்பட்ட நிழல் என்று அந்தப் பாத்திரத்தைச் சொல்லலாம்.

அப்படத்தின் ஒரு காட்சி இங்கே முக்கியமானது. பிரிவினையைத் தவிர்க்கும் கடைசி முயற்சியாக, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பிரதமராகும்படி காந்தி ஜின்னாவிடம் நேரிலேயே கேட்கிறார். வரலாற்றில் நடந்தது வேறு. 1947 ஏப்ரல் 1 அன்று காந்தி இந்த யோசனையை வைஸ்ராய் மவுண்ட்பேட்டனிடம்தான் முன்வைத்தார். காங்கிரஸ் தலைமை அதை ஏற்கவில்லை. சில நாள்களில் காந்தியே தம் தோல்வியை ஒப்புக்கொண்டு மவுண்ட்பேட்டனுக்கு எழுதினார். முறையான முன்மொழிவாக அது ஜின்னாவிடம் வைக்கப்படவில்லை. காங்கிரசுக்குள்ளும் வைஸ்ராய் மாளிகையிலும் நிகழ்ந்த ஒன்றைத் திரைக்கதை எடுத்து ஜின்னாவின் முன்னிலையில் வைத்தது. ஒரே காட்சியில் பிரிவினையின் பொறுப்பு இடம்மாறிவிட்டது.

இதற்கு விடையாகவே பாகிஸ்தானின் மானுடவியலாளர் அக்பர் எஸ். அகமது ஜின்னா திட்டத்தைத் தொடங்கினார். அதற்குள் ஒரு திரைப்படம், ஓர் ஆவணப்படம், ஓர் ஆய்வுநூல், ஒரு சித்திரக்கதை என நான்கு வடிவங்கள் இருந்தன. இயக்குநர் தெஹ்லவியும் இதற்குப் பொருத்தமானவரே. அவருடைய முந்தைய படமான ‘ஹுசைனின் இரத்தம்’ ஜியா உல் ஹக்கின் இராணுவ ஆட்சியில் தடைசெய்யப்பட்டது; அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆகவே ‘ஜின்னா’ இரண்டு முனைகளில் வாதாடியது. ஜின்னா வில்லன் அல்லர் என்று வெளியுலகிடம் சொன்னது. அவர் முல்லாக்களின் தலைவரும் அல்லர் என்று பாகிஸ்தானிடம் சொன்னது.

இரு படங்களும் தத்தம் நாயகரின் மரணத்திலிருந்தே தொடங்குவது தற்செயலன்று. மரணத்திலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது ஒரு வாழ்க்கை முழுவதும் அந்த முடிவை நோக்கியே நடந்ததுபோல் தோன்றும். தேசத் தந்தையரின் கதைகளுக்கு இந்தப் பார்வை மிகவும் வாய்ப்பானது.

2. டிராகுலாவும் ஷெர்வானியும்

1997இல் கராச்சியில் படப்பிடிப்பு தொடங்கியபோது பாகிஸ்தான் பத்திரிகைகளில் எழுந்த புயல் படத்தைவிடப் புகழ்பெற்றது. 1958 முதல் ஹேமர் நிறுவனப் படங்களில் டிராகுலாவாக உலகை மிரட்டியவர் கிறிஸ்டோபர் லீ. இரத்தம் குடிக்கும் பேயாக நடித்தவர் ‘காயித்-இ-ஆசம்’ வேடம் பூணுவதா என்ற கேள்வி பெரும் கூச்சலாக மாறியது. ஓர் இந்திய நடிகர் வழிகாட்டியாக வருவதும் குற்றமாயிற்று. லீக்குப் பாதுகாப்புக் காவல் தேவைப்பட்டது. அரசு தருவதாகச் சொன்ன நிதி கைவிடப்பட்டது. லீயோ தம் நீண்ட வாழ்க்கையில் நடித்தவற்றுள் இதுவே மிக முக்கியமான வேடம் என்று இறுதிவரை கூறிவந்தார்.

கூச்சல் நகைப்புக்குரியதாகத் தெரியலாம். ஆனால் அதன் அடியில் ஓர் உண்மையான பதற்றம் இருந்தது. ஜின்னாவின் உடல் எப்படித் தோன்றவேண்டும் என்பது பாகிஸ்தானில் அரசியல் கேள்வி. நாணயத்தாள்களில் அவர் ஷெர்வானியும் கராகுல் தொப்பியும் அணிந்தே காட்சி தருகிறார். வாழ்வின் பெரும்பகுதியில் அவர் அணிந்தவை இலண்டன் தையற்காரர்களின் மேற்கத்திய உடைகளே. 1937 அக்டோபரில் லக்னோவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில்தான் ஷெர்வானி அணிந்து பொதுமேடையில் தோன்றினார். மாகாணத் தேர்தல்களில் லீக் அடைந்த தோல்விக்குப் பின், மக்கள் கட்சியாக அதை மாற்றும் முயற்சியின் முதல் அடையாளமாக அந்த உடைமாற்றம் அமைந்தது.

படம் அந்த மேற்கத்திய உடையை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. கூர்மையான ஆங்கிலமும் ஒற்றைக்கண் கண்ணாடியும் கையில் சிகரெட்டுமாய் வாழ்ந்த பம்பாய் பாரிஸ்டரை அது மறைக்கவில்லை. 1918இல் பார்சிச் செல்வந்தர் சர் தின்ஷா பெட்டிட்டின் மகள் ரத்தன்பாயை, அத்தந்தையின் கடும் எதிர்ப்பை மீறி மணந்தவர் ஜின்னா. மணமகளுக்கு வயது 18. மணமகன் நாற்பதைத் தாண்டியிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, அவர்களுடைய ஒரே மகள் தினா, பார்சி மரபில் வந்த நெவில் வாடியாவை மணக்க விரும்பியபோது எதிர்த்து நின்ற தந்தையும் அவரே. மகள் இந்தியாவிலேயே தங்கினார். தந்தையின் இறுதிச்சடங்குக்காகக் கராச்சி சென்றார். இரு தேசக் கோட்பாட்டின் தலைவருடைய சொந்தக் குடும்பம் எல்லைக்கோட்டின் இருபுறமும் பிரிந்து கிடந்தது. படம் இந்த முரணைத் தொடும் இடங்களில்தான் உயிர்பெறுகிறது. அங்கெல்லாம் ஜின்னா வழக்கறிஞராகப் பேசுவதில்லை. தம்மைத் தாமே பார்க்க நேர்ந்த மனிதராக நிற்கிறார்.

3. கோப்பைத் தொலைத்தவர்கள்

படத்தின் வானுலக நூலகத்தில் கோப்பு தொலைந்ததற்குக் கணினி காரணம். மண்ணுலகில் காரணங்கள் வேறு.

1947 ஆகஸ்ட் 11 அன்று கராச்சியில் அரசமைப்பு அவையில் ஜின்னா நிகழ்த்திய உரை முதல் சான்று. ஒருவர் எந்த மதத்தையோ சாதியையோ நம்பிக்கையையோ சார்ந்தவர் என்பதற்கும் அரசின் அலுவலுக்கும் தொடர்பில்லை என்ற கருத்தை அவர் அங்கே முன்வைத்தார். மதத்தின் பெயரால் நாடு கேட்டவர், நாடு கைக்கு வர மூன்று நாள்கள் இருக்கையில் இப்படிப் பேசியது இன்றுவரை விளக்கம் தேடும் புதிர். அன்றே அவ்வுரையின் பகுதிகள் அச்சேறாமல் தடுக்கச் சிலர் முயன்றதையும் ‘டான்’ நாளிதழ் அதற்கு இணங்காததையும் பாகிஸ்தானின் பத்திரிகை வரலாற்றாசிரியர் ஜமீர் நியாசி பதிவுசெய்துள்ளார். பல பத்தாண்டுகள் கழித்து அவ்வுரையின் ஒலிப்பதிவைத் தேடிப் பாகிஸ்தான் வானொலி அகில இந்திய வானொலியையும் நாடியது. கிடைக்கவில்லை.

வாழ்க்கை வரலாறுகளின் கதையும் இதுவே. பாகிஸ்தான் அரசே கேட்டுக்கொண்டு எழுதவைத்த ஹெக்டர் பொலித்தோவின் நூல் 1954இல் வெளிவந்தபோது மூலப்படியின் பல பகுதிகள் அதில் இல்லை. அந்நூலில் நிறைவு காணாத பாத்திமா ஜின்னா தாமே அண்ணனைப் பற்றி எழுதத் தொடங்கினார். முற்றுப்பெறாத அந்தக் கையெழுத்துப்படி, அவர் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பின் 1987இல் கராச்சியின் காயித்-இ-ஆசம் அகாடமியால் அச்சிடப்பட்டபோது, பிரதமர் லியாகத் அலி கானைப் பற்றிய கசப்பான பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. ஸ்டான்லி வோல்பர்ட் 1984இல் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு ஜியா ஆட்சியில் தடைசெய்யப்பட்டது. ஜின்னாவின் மதுப்பழக்கத்தையும் உணவையும் பற்றிய சில வரிகளே அதன் குற்றம்.

இந்தியப் பக்கமும் கை சுத்தமானதன்று. மௌலானா ஆசாத்தின் தன்வரலாறு 1959இல் வெளிவந்தபோது 30 பக்கங்கள் முத்திரையிட்டுப் பாதுகாக்கப்பட்டன. 1988இல்தான் அவை வெளிவந்தன. முத்திரையிடச் சொன்னவர் ஆசாத்தே என்றாலும், பிரிவினைக்கான பொறுப்பில் காங்கிரஸ் தலைமையின் பங்கைப் பற்றிய விவாதம் அவ்வளவு காலம் ஒத்திவைக்கப்பட்டது. 2005இல் எல்.கே. அத்வானி ஜின்னாவின் நினைவிடத்தில் ஆகஸ்ட் 11 உரையைப் பாராட்டி எழுதியதால் எழுந்த எதிர்ப்பில் கட்சித் தலைவர் பதவியை இழந்தார். 2009இல் ஜஸ்வந்த் சிங் ஜின்னாவைப் பற்றி எழுதிய நூலுக்காகப் பாரதிய ஜனதா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். நூல் குஜராத்தில் தடைசெய்யப்பட்டது. சில வாரங்களில் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது.

இரு நாடுகளும் ஒரே மனிதரின் கோப்பிலிருந்து வெவ்வேறு தாள்களைக் கிழித்தன. பாகிஸ்தான் கிழித்தவை அவருடைய மதச்சார்பற்ற வாழ்வின் தாள்கள். இந்தியப் பொதுநினைவு மறந்தவை 1920க்கு முந்தைய தாள்கள். 1916இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆளான திலகருக்காகப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வாதாடி வென்றவரும், அதே ஆண்டில் காங்கிரசையும் லீகையும் லக்னோ ஒப்பந்தத்தில் இணைத்தவரும் அந்தத் தாள்களில் இருந்தார்.

4. குற்றவாளிக் கூண்டில் மவுண்ட்பேட்டன்

தொலைந்த கோப்பைத் தேடிச்சென்ற படம் இறுதியில் ஒரு வானுலக நீதிமன்றத்தை அடைகிறது. அங்கே ஜின்னா மீண்டும் பாரிஸ்டராகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் மவுண்ட்பேட்டன். நேருவுக்கும் எட்வினா மவுண்ட்பேட்டனுக்கும் இடையிலான நட்பைப் படம் ஓர் அரசியல் சாய்வின் காரணமாகவே காட்டுகிறது.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 1948 ஜூனுக்குள் என்று அறிவிக்கப்பட்டிருந்த அதிகார மாற்றத்தை 1947 ஆகஸ்ட் 15க்கு முன்னிழுத்தவர் மவுண்ட்பேட்டன். இந்தியாவுக்கு அதற்குமுன் வந்தேயிராத சிரில் ராட்கிளிஃப் ஜூலை 8 அன்று வந்துசேர்ந்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் ஐந்தே வாரங்களில் வகுந்தார். அவர் வரைந்த எல்லை, விடுதலைக்கு இரண்டு நாள்கள் கழித்து ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியிடப்பட்டது. கோடு எங்கே விழுகிறது என்று தெரியாமலே மக்கள் இரண்டு நாள்கள் விடுதலையைக் கொண்டாடினார்கள், வெட்டுப்பட்டார்கள். பெரோஸ்பூர் பகுதி கடைசி நேரத்தில் இந்தியாவுக்கு மாற்றப்பட்டதை ராட்கிளிஃபின் செயலராக இருந்த கிறிஸ்டோபர் பியூமாண்ட் 1992இல் வெளிப்படுத்தினார். இந்தியாவின் தலைசிறந்த அரசமைப்புச் சட்ட அறிஞர்களுள் ஒருவரான எச்.எம். சீர்வையும் மவுண்ட்பேட்டனின் நடத்தையை மிகக் கடுமையாக விமர்சித்தார். அவர் பாகிஸ்தானியர் அல்லர், பம்பாய்ப் பார்சி.

எனினும் இந்த வழக்கில் ஓர் அமைப்புச் சூழ்ச்சி உண்டு. மவுண்ட்பேட்டன் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது 1947 மார்ச் 22 அன்று. அவரைக் குற்றவாளியாக்கினால் வழக்கே அந்த நாளில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய யாவும் விசாரணை வரம்புக்கு வெளியே போய்விடும்.

வெளியே போகிறவை எவை? 1946 ஜூன் 6 அன்று லீக், ஒன்றுபட்ட இந்தியாவுக்குள் மாகாணத் தொகுதிகளை அமைக்கும் அமைச்சரவைத் தூதுக்குழுத் திட்டத்தை ஏற்றது. ஜூலை 10 அன்று நேரு பத்திரிகையாளர்களிடம், அரசமைப்பு அவையில் காங்கிரஸ் எதற்கும் கட்டுப்பட்டு நுழையவில்லை என்ற பொருளில் பேசினார். ஜூலை 29 அன்று லீக் தன் ஏற்பைத் திரும்பப் பெற்று நேரடி நடவடிக்கைக்கு அழைப்பு விடுத்தது. ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா பற்றி எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நவகாளி, பீகார், ராவல்பிண்டி எனத் தீ பரவியது. மவுண்ட்பேட்டன் டெல்லியில் இறங்கும்போது பஞ்சாபின் ஊர்கள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. தீயை அணைக்கத் தவறியவர் என்று அவர்மீது வழக்குத் தொடுக்கலாம். தீ எப்படிப் பிடித்தது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் விடை கிடைக்காது.

வரலாற்றாய்வு இக்கேள்வியை வேறுவிதமாக எழுப்பியது. ஆயிஷா ஜலால் 1985இல் வெளியிட்ட ஆய்வில், 1940 மார்ச்சில் நிறைவேறிய லாகூர்த் தீர்மானத்தின் தெளிவின்மையைக் கவனப்படுத்தினார். மத்தியில் முஸ்லிம்களுக்குச் சமபங்கு பெறுவதற்கான பேரத் துருப்பாகவே ஜின்னா பாகிஸ்தான் கோரிக்கையைக் கையாண்டார் என்பது அவர் வாதம். வெங்கட் துலிபாலா 2015இல் இதை மறுத்தார். ஐக்கிய மாகாணத்தின் பத்திரிகைகளும் உலமாக்களும் தேர்தல் மேடைகளும் பாகிஸ்தானை ஓர் இஸ்லாமிய அரசாகத் தெளிவாகவே கற்பனைசெய்தன என்று காட்டினார். தலைவர் மனத்தில் வைத்திருந்தது ஒன்றாகவும் தொண்டர்கள் கேட்டுக்கொண்டது வேறொன்றாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வரலாறு நகர்ந்தது. நீதிமன்றத்துக்கு ஒரு நோக்கம், ஒரு செயல், ஒரு குற்றவாளி வேண்டும். 1940க்கும் 1947க்கும் இடையில் நிகழ்ந்தது, பல கைகள் பல நோக்கங்களுடன் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திய கதை.

5. அழைக்கப்படாத சாட்சிகள்

எந்த வழக்கிலும் யார் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை என்று பார்ப்பது பயன் தரும். இவ்வழக்கில் அழைக்கப்படாத பெருங்கூட்டம், பாகிஸ்தானுக்கு வாக்களித்துவிட்டு இந்தியாவில் தங்கியவர்கள்.

1945–46 தேர்தலில் மத்தியச் சட்டமன்றத்தின் 30 முஸ்லிம் இடங்களையும் லீக் வென்றது. சொத்தும் வரியும் கல்வியும் உடையவர்களுக்கே வாக்குரிமை இருந்த தேர்தல் அது. வென்ற தொகுதிகளில் பல, பாகிஸ்தானுக்குள் ஒருபோதும் வரமுடியாத மாகாணங்களில் இருந்தன. சென்னை அவற்றுள் ஒன்று. 1941 ஏப்ரலில் லீகின் ஆண்டு மாநாடு சென்னையில்தான் கூடியது. பாகிஸ்தான் கோரிக்கை கட்சியின் அமைப்புவிதிகளில் குறிக்கோளாகச் சேர்க்கப்பட்டதும் அங்கேதான். திராவிட நாடு கோரிக்கைக்கு அந்த மேடையில் ஜின்னா பரிவு தெரிவித்தார். ஆனால் 1944இல் பெரியார் ஆதரவு நாடி எழுதியபோது, தாம் இந்திய முஸ்லிம்களுக்காக மட்டுமே பேச முடியும் என்று விடையளித்து ஒதுங்கிக்கொண்டார்.

அவர் பேசியதாகச் சொன்ன முஸ்லிம்களில் கோடிக்கணக்கானோர் 1947 ஆகஸ்ட் 15 காலையில் தம் பிரதிநிதியை இழந்து எழுந்தார்கள். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில் கட்சியை இரண்டாகப் பிரித்தது. இந்தியப் பகுதிக்கான பொறுப்பு சென்னையின் முகம்மது இஸ்மாயில் சாகிப் தோளில் விழுந்தது. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. கட்சியைக் கலைத்துவிடும்படி நாலாபுறமும் நெருக்கடி இருந்த நேரம் அது. ஜின்னாவின் வெற்றியால் உண்டான விளைவுகளோடு வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு, பின்னாளில் காயிதே மில்லத் எனப்பட்ட அவர் தம் எஞ்சிய வாழ்நாளெல்லாம் விடைதேடினார்.

அழைக்கப்படாத இன்னொரு சாட்சி கிழக்கு வங்காளம். 1948 மார்ச் 21 அன்று டாக்காவில் ஜின்னா, உருது மட்டுமே பாகிஸ்தானின் அரசமொழி என்று அறிவித்தார். நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் பேசிய மொழி வங்காளம். சிறுபான்மையினர் மீது பெரும்பான்மை தன் விருப்பத்தைச் சுமத்தலாகாது என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர், தாம் ஆளவந்தபோது பெரும்பான்மையினர் மீதே ஒரு மொழியைச் சுமத்தினார். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்கா மாணவர்களின் இரத்தம் சிந்தியது. 1971இல் நாடே பிளந்தது. ஆகஸ்ட் 11 உரையின் ஜின்னாவையும் டாக்கா உரையின் ஜின்னாவையும் பிரிப்பவை ஏழு மாதங்களும் பத்து நாள்களும்தான். ஒருவரை ஏற்று மற்றவரை விடும் எந்தச் சித்திரமும் அரைச்சித்திரமே.

6. வழக்கறிஞரும் வரலாற்றாசிரியரும்

‘காந்தி’ ஒரு குற்றப்பத்திரிகை வாசித்தது என்றால் ‘ஜின்னா’ எதிர்வாதம் வாசித்தது. எதிர்வாதத்துக்குத் தேவை இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஒருதரப்புத் தீர்ப்பு உலகெங்கும் பரவியிருந்த காலத்தில் மறுதரப்பு பேசவேண்டியிருந்தது. ஆயினும் எதிர்வாதமும் குற்றப்பத்திரிகையின் மொழியிலேயே எழுதப்படுகிறது. வில்லன் நாயகனாகிறார், நாயகர் பக்கம் நின்றவர் வில்லனாகிறார், நாற்காலிகள் இடம்மாறுகின்றன, அறை மாறுவதில்லை.

படத்தின் தொடக்கத்தில் இதற்கு மாற்று இருந்தது என்பதே வருத்தத்துக்குரியது. கோப்பு இல்லை, ஆகவே தீர்ப்பு இல்லை, ஆகவே திரும்பிச்சென்று பார்க்கவேண்டும் என்ற அந்த ஏற்பாடு, வரலாற்றாய்வின் வேலையையே சொல்கிறது. முதிய ஜின்னா இளைய ஜின்னாவை எதிர்கொள்ளும் இடம் அதன் உச்சம். லக்னோ ஒப்பந்தத்தின் இளைஞன் லாகூர்த் தீர்மானத்தின் முதியவரிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. அந்த உரையாடலை இறுதிவரை நடத்தியிருந்தால், தம் எதிரியைக் கூண்டிலேற்றும் வழக்கறிஞருக்குப் பதிலாகத் தம் வாழ்வுக்குத் தாமே சாட்சியாகும் ஒரு தலைவரைத் திரை கண்டிருக்கும். அதற்குள் நீதிமன்றத்தின் மணி அடித்துவிடுகிறது.

இது திரை இரசனை பற்றிய சிக்கல் மட்டுமன்று. 2018 மே மாதத்தில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர் சங்க மண்டபத்தில் தொங்கிய ஜின்னாவின் படம் பெரும் பூசலானது. 1938இல் சங்கம் அவருக்கு வாழ்நாள் உறுப்பினர் தகுதி வழங்கியதன் அடையாளம் அது. எண்பது ஆண்டுகள் சுவரில் இருந்த ஒரு படத்துக்குத் திடீரென விளக்கம் சொல்லும்படி, பிரிவினைக்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் பிறந்த மாணவர்கள் கேட்கப்பட்டார்கள். வரலாறு ஒரு முடிந்த வழக்காகச் சொல்லப்படும்போது தீர்ப்பு இறந்தவர்கள் மீது நிறைவேற்றப்படுவதில்லை; அவர்களோடு தொடர்புபடுத்தப்படும் உயிருள்ளவர்கள் மீதே நிறைவேற்றப்படுகிறது. அதனால்தான் கோப்பு முழுமையாக இருக்கவேண்டும். ஜின்னாவை விடுவிப்பதற்காகவோ தண்டிப்பதற்காகவோ அது தேவைப்படவில்லை. அவர் பெயரால் வேறு யாரும் தண்டிக்கப்படாதிருக்கத் தேவைப்படுகிறது.

மௌரிப்பூர்ச் சாலையில் நின்றுபோன அந்த வண்டிக்கும் அகதிக் குடிசைகளுக்கும் இடையே அன்று சில அடித் தொலைவே இருந்தது. வண்டிக்குள் இருந்தவருக்கு வாழ்க்கை வரலாறுகளும் நினைவிடமும் திரைப்படமும் வாய்த்தன. குடிசைகளில் இருந்தவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதை விட்டுவந்தார்கள், அந்த நாட்டை அவர்கள் கேட்டார்களா என்பவை அவருடைய கோப்பில் சேர்க்கப்படவேண்டிய தாள்கள்.